நாஸ் பெட்டியில் நான்கில் இரண்டு டிஸ்க் போய்விட்டது: தரவு திரும்பக் கிடைக்குமா?

உங்கள் கேள்வியில் இருப்பதை முதலில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன், தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். உங்கள் நாடகக் குழுவிடம் நான்கு டிரே கொண்ட நாஸ் பெட்டி, அதாவது நெட்வொர்க்கில் இணைத்துக் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி, இருக்கிறது. நான்கிலும் 4 டெராபைட் டிஸ்க். எல்லாம் ஒரே நாளில் சிங்கப்பூர் சிம் லிம் ஸ்குவேரில் ஒரே கடையில் வாங்கியவை. ரெய்டு 5 போட்டிருக்கிறீர்கள், அதாவது நான்கையும் ஒன்றாக இணைத்து, ஒன்று போனாலும் தாங்கும் முறை. பதினோரு ஆண்டு மேடையேற்றங்களின் ஒளிப்பதிவு முழுக்க அதில்தான், வேறெங்கும் நகல் இல்லை. போன வாரம் 2-ஆவது டிரேயில் சிவப்பு விளக்கு எரிந்தது. மூன்று நாள் கழித்துப் புது டிஸ்க் வாங்கிச் செருகினீர்கள். ரீபில்ட், அதாவது போன டிஸ்கில் இருந்ததைப் புதிதில் திரும்ப எழுதும் வேலை, 61 விழுக்காட்டில் ஓடிக்கொண்டிருந்தபோது 4-ஆவது டிஸ்கும் வெளியேறிவிட்டது. இப்போது வால்யூம் (நான்கும் சேர்ந்த மொத்தச் சேமிப்பிடம்) செயலிழந்துவிட்டது என்று பெட்டி சொல்கிறது. ஒரு நண்பர் ரெய்டைப் புதிதாக உருவாக்கச் சொல்கிறார், இன்னொருவர் பழுதான டிஸ்கை ஃபிரீசரில் வைக்கச் சொல்கிறார்.

கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அதைக் கெடுக்கக்கூடிய காரியங்கள் மூன்று நான்குதான். அவற்றில் ஒன்றைக்கூட யாரும் செய்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டியை முறைப்படி அணைத்துவிடுங்கள். மறுபடி மறுபடி போட்டுப் பார்க்க வேண்டாம். ஒவ்வொரு முறை ஏறும்போதும் அது எதையாவது டிஸ்கில் எழுதும், நலிந்த டிஸ்கை இன்னும் சுற்றவைக்கும். டிஸ்குகளை வெளியே எடுக்கும் முன் ஒரு படம் பிடியுங்கள். பிறகு ஒவ்வொன்றின் மீதும் டிரே எண்ணையும் வரிசை எண்ணின் கடைசி நான்கு எழுத்துகளையும் ஒரு காகிதத் துண்டில் எழுதி ஒட்டுங்கள். விண்டோஸ் கணினியில் செருகினால், இந்த டிஸ்கை இனிஷியலைஸ் செய்யட்டுமா, அதாவது புது டிஸ்காகத் தயார்செய்யட்டுமா, என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். நாஸ் மெனுவில் உள்ள 'உருவாக்கு', 'ஃபார்மேட்' இரண்டையும் தொடாதீர்கள்.

டிரே எண்ணை எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு சிறிய நிறுவனத்தில் சர்வரின் 3-ஆம் எண் டிஸ்க் பழுது என்று மென்பொருள் காட்டியது. நான் இடப்பக்கத்திலிருந்து மூன்றாவதை உருவினேன். அந்தப் பெட்டி 0-விலிருந்து எண்ணத் தொடங்கும் வகை. பழுதானது நான்காவது இடத்தில் இருக்க, நன்றாக இருந்த ஒன்றை எடுத்துவிட்டேன். ஒரு நொடியில் முழுத் தொகுப்பும் விழுந்தது. மூன்று நாள் கணக்குப் பதிவு எங்களுக்குத் திரும்பவே இல்லை. அன்றிலிருந்து வரிசை எண்ணைப் பார்க்காமல் எந்த டிஸ்கையும் நான் தொட்டதில்லை.

இனி உள்ளே என்ன நடந்தது என்று பார்ப்போம். இது புரியாமல் மீட்பு வேலையில் இறங்கினால் அடுத்தவர் சொல்லும் கட்டளையைக் கண்ணை மூடிக்கொண்டு அடிக்க வேண்டிவரும்.

ரெய்டு என்ற பெயரும் 1 முதல் 5 வரையிலான நிலைகளும் 1988-இல் பெர்க்லி கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் வந்தவை. விலை அதிகமான ஒரே பெரிய டிஸ்குக்குப் பதில் பல மலிவான சிறிய டிஸ்குகளைச் சேர்த்துக் கட்டலாம், அவற்றில் ஒன்று போனாலும் வேலை நிற்காதபடி கூடுதல் தகவலைச் சேர்த்து வைக்கலாம் என்பதுதான் அவர்கள் யோசனை. ரெய்டு 5-இல் அந்தக் கூடுதல் தகவலின் பெயர் பேரிட்டி. மூன்று டிஸ்குகளில் ஒரே இடத்தில் 1, 0, 1 என்று மூன்று பிட்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நான்காவதில் எழுதப்படும் பிட், நான்கிலும் உள்ள ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வரும்படி இருக்க வேண்டும். இங்கே ஏற்கெனவே இரண்டு ஒன்றுகள், ஆகவே 0. நடுவில் உள்ள டிஸ்க் காணாமல் போனால் மற்ற மூன்றையும் பார்த்து விடுபட்டது 0 என்று கண்டுபிடித்துவிடலாம். எந்த டிஸ்க் போனாலும் கணக்கு இதேதான். பேரிட்டி ஒரே டிஸ்கில் தங்காமல் பட்டைக்குப் பட்டை (நான்கு டிஸ்கிலும் ஒரே இடத்தில் உள்ள துண்டுகள் சேர்ந்தது ஒரு பட்டை) இடம் மாறி நான்கிலும் பரவியிருக்கும். அதனால்தான் உங்கள் 16 டெராபைட்டில் 12 மட்டும் பயன்பாட்டுக்குக் கிடைத்தது.

இந்தக் கணக்கில் ஒரே ஒரு விடுகதையைத்தான் விடுவிக்க முடியும். ஒரே பட்டையில் இரண்டு பிட்கள் தெரியாவிட்டால் ரெய்டு 5 கைவிரித்துவிடும். உங்கள் பெட்டி நின்றதும் அதனால்தான்.

ரீபில்ட் நடக்கும்போதே ஏன் இரண்டாவது போக வேண்டும்? தற்செயல் என்று நினைத்து உங்கள் கடைக்காரரைத் திட்டியிருப்பீர்கள். அந்த நேரத்தில்தான் அது நடக்கக் காரணங்கள் நிறைய. 2-ஆவது டிஸ்கைத் திரும்பக் கட்ட, மிஞ்சிய மூன்றையும் முதல் செக்டாரிலிருந்து கடைசி செக்டார் வரை, வெற்றிடம் உட்பட, படித்தாக வேண்டும் (செக்டார் என்பது டிஸ்கில் தகவல் எழுதப்படும் சிறு துண்டு). மூன்று டிஸ்க், ஒவ்வொன்றும் 4: மொத்தம் 12 டெராபைட். வீட்டு உபயோக டிஸ்குகளின் விவரக் குறிப்பில், 10-இன் 14-ஆம் அடுக்கு பிட்கள் படித்தால் ஒரு பிட்டாவது படிக்க முடியாமல் போகலாம் என்று பொதுவாகப் போட்டிருப்பார்கள். அந்த எண்ணைப் பைட்டாக மாற்றினால் 12.5 டெராபைட் வரும். நடப்பில் பெரும்பாலான டிஸ்குகள் இந்த வரம்பைவிட நன்றாகவே வேலை செய்கின்றன. அதனால் ரெய்டு 5 ரீபில்ட் எல்லாமே தோற்கும் என்று பயமுறுத்துபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாத பழைய ஒளிப்பதிவுகளின் அடியில் ஒரு செக்டார் சத்தமில்லாமல் கெட்டிருந்தால், அது வெளியே வரும் நாள் ரீபில்ட் நாள்தான். அன்றைக்கு அதைச் சரிசெய்யப் பேரிட்டியும் இருக்காது.

இன்னொன்று, ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியது. ஒரே தொழிற்சாலையில் ஒரே தொகுதியில் செய்யப்பட்டு, ஒரே பெட்டிக்குள் ஒரே சூட்டில் ஒரே மணிநேரங்கள் ஓடியவை ஏறத்தாழ ஒரே காலத்தில்தான் தளரும். 2007-இல் பியாங்கா ஷ்ரோடரும் கார்த் கிப்சனும், அதே கிப்சன்தான், ஏறக்குறைய ஒரு லட்சம் டிஸ்குகளின் பதிவுகளை ஆராய்ந்து வெளியிட்டார்கள். விவரக் குறிப்புகளின்படி ஆண்டுக்கு அதிகம் போனால் 0.88 விழுக்காடு பழுதாக வேண்டும். நடப்பில் 2 முதல் 4 விழுக்காடு மாற்றப்பட்டது சாதாரணமாக இருந்தது. ஒரு பழுது இன்னொன்றோடு தொடர்பில்லாதது என்ற அனுமானமும் அதில் உடைந்தது. ரெய்டைப் பற்றி நாம் மனத்தில் போட்டுவைத்திருக்கும் பாதுகாப்புக் கணக்கு அந்த அனுமானத்தின் மேல்தான் நிற்கிறது.

மூன்றாவது காரணம் உங்களுக்கு ஆறுதல் தரக்கூடியது. மேசைக் கணினிக்கான டிஸ்க் ஒரு கெட்ட செக்டாரைச் சந்தித்தால் அதை எப்படியாவது படித்துவிட வேண்டும் என்று ஒரு நிமிடத்துக்கும் மேலாகக்கூட முயன்றுகொண்டிருக்கும். நாஸ் பெட்டிக்குள் ஓடும் இயங்குதளமான லினக்ஸ் வழக்கமாக 30 நொடிதான் பொறுக்கும், பிறகு டிஸ்க் பதில் சொல்லவில்லை என்று தொகுப்பிலிருந்து தள்ளிவிடும். நாஸுக்கென்றே செய்யப்பட்டவை ஏறத்தாழ 7 நொடியில் முயற்சியைக் கைவிட்டு, படிக்க முடியவில்லை என்று சொல்லிவிடும். ஆகவே உங்கள் 4-ஆவது டிஸ்க் செத்துவிட்டது என்று இப்போதே முடிவுகட்ட வேண்டாம். நான்கைந்து கெட்ட செக்டாருக்காக வெளியே தள்ளப்பட்ட, மற்றபடி படிக்கக்கூடிய டிஸ்காக இருக்கலாம். நான் பார்த்த இரட்டைப் பழுதுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருந்தன.

உங்கள் நிலைமையில் எனக்கு நம்பிக்கை தருவது அந்த 61 விழுக்காடுதான். ரீபில்ட் டிஸ்கின் தொடக்கத்திலிருந்து முடிவை நோக்கி வரிசையாகப் போகும். அப்படியானால் புது 2-ஆவது டிஸ்கின் முதல் 61 விழுக்காட்டில் சரியான தகவல் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. 1, 3, புது 2 ஆகிய மூன்றையும் சேர்த்தால் அந்தப் பகுதிவரை 4-ஆவது டிஸ்கின் தயவே தேவையில்லை. மிச்சமுள்ள 39 விழுக்காட்டுக்கு மட்டும்தான் 4 வேண்டும். அதிலும் கெட்ட செக்டார் இருக்கும் ஓட்டைகளை நிரப்ப இன்னொரு வழி இருக்கிறது: முதலில் பழுதான பழைய 2-ஆவது டிஸ்க். அது வெளியேறிய பிறகு மூன்று நாளில் நீங்கள் பெரிதாக எதையும் சேர்க்கவில்லை என்றால், அதற்குப் பின் மாறாத பட்டைகளில் அதன் தகவல் இன்றும் செல்லும். பெரும்பாலோர் இதை மறந்துவிடுகிறார்கள். புதுசு வந்ததும் பழசைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள்.

இனி செய்ய வேண்டியது. எந்த மீட்பு முயற்சியையும் அசல் டிஸ்குகளின் மேல் நடத்தாதீர்கள். ஒவ்வொன்றையும் செக்டார் செக்டாராக இன்னொரு டிஸ்குக்கு நகலெடுத்து, அசலை அலமாரியில் வைத்துவிட்டு, நகலில் வேலை செய்யுங்கள். புது டிஸ்குகளுக்குச் செலவாகும், தெரியும். குழுவின் நிதி நிலைமையும் எனக்குப் புரிகிறது. 16 டெராபைட்டுக்கு மேல் கொள்ளும் ஒரே பெரிய டிஸ்க் வாங்கினால், நான்கையும் கோப்புகளாக அதில் இறக்கிக்கொள்ளலாம். மீட்ட ஒளிப்பதிவுகளை வைக்க அது போதாது, அதற்கு வேறோர் இடம் வேண்டும்.

நகலெடுக்க லினக்ஸில் ஜிஎன்யூ டிடிரெஸ்கியூ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. சாதாரண நகல் கருவி கெட்ட செக்டாரில் முட்டி நின்றுவிடும். இது நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களைத் தாண்டிப் போய், கடைசியில் அவற்றுக்குத் திரும்பி வரும். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டே போகும். நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்தக் கோப்பு இல்லாமல் இதை ஓட்டவே கூடாது. பின்னால் ஓட்டைகளை நிரப்பும்போது எந்த செக்டார் இல்லை என்று சொல்லப்போவதும் அதுதான்.

தொடங்கும் முன் ஒவ்வொரு டிஸ்கின் ஸ்மார்ட் விவரத்தையும், அதாவது டிஸ்க் தன் நலத்தைப் பற்றித் தானே வைத்திருக்கும் பதிவையும், எடுத்துப் பாருங்கள். 5, 197, 198 ஆகிய மூன்று எண்களும் முக்கியம்: மாற்றிவைக்கப்பட்ட செக்டார்கள், தீர்வுக்காகக் காத்திருப்பவை, படிக்கவே முடியாதவை. 1-உம் 3-உம் சுத்தமாக இருந்தால் அவற்றை முதலில் எடுங்கள். ஏழெட்டு மணி நேரத்தில் ஒவ்வொன்றும் முடியும். 4-ஆவதைத் தொடக்கத்திலிருந்து ஓட்ட வேண்டாம். 2.4 டெராபைட் அளவிலிருந்து கடைசி வரை முதலில் எடுக்கச் சொல்லுங்கள், அதுதான் உங்களுக்குக் கட்டாயம் தேவையான பகுதி. டிஸ்க் நடுவில் மூச்சைவிட்டாலும் உயிரான பாகம் கைக்கு வந்திருக்கும். மிச்சத்தைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். ஒரு சின்ன விசிறியை அதன் மேல் காற்றுப்படும்படி வையுங்கள்.

நகல்கள் தயாரானதும் சேர்த்துக் கட்ட வேண்டும். சினாலஜி, கியூநாப் போன்ற நிறுவனங்களின் நாஸ் பெட்டிகளில் பெரும்பாலானவை உள்ளுக்குள் லினக்ஸின் எம்டிஏடிஎம் என்ற ரெய்டு கருவியைத்தான் பயன்படுத்துகின்றன. ஆகவே லினக்ஸின் ஒரு வகையான உபுண்டு போட்ட சாதாரணக் கணினியிலேயே இதைச் செய்யலாம். ஒவ்வொரு டிஸ்கிலும் ஒரு தலைப்புக் குறிப்பு இருக்கும்: எந்தத் தொகுப்பு, எத்தனையாவது உறுப்பினர், பட்டையின் துண்டு அளவு, தரவு தொடங்கும் இடம், கூடவே நிகழ்வு எண் என்று ஒன்று. தொகுப்பில் மாற்றங்கள் நடக்க நடக்க நிகழ்வு எண் ஏறும். எந்த டிஸ்கின் எண் பின்தங்கியிருக்கிறதோ அது முன்னதாக வெளியேறியது. 1-க்கும் 3-க்கும் ஒரே எண் இருக்கும், 4-க்குச் சற்றே குறைவாக இருக்கும். பழைய 2 வெகு தூரம் பின்தங்கியிருக்கும். தலைப்பைப் படித்துக்காட்டும் கட்டளை எதையும் எழுதாது, தைரியமாக ஓட்டலாம்.

1, 3, 4 ஆகியவற்றின் நகல்களை வைத்து, அந்தச் சிறு வித்தியாசத்தைப் பொருட்படுத்தாமல் சேர்க்கும்படி 'அசெம்பிள்' கட்டளையோடு 'ஃபோர்ஸ்' சேர்த்துச் சொல்வதுதான் முதல் முயற்சி. உங்கள் நண்பர் சொன்ன 'கிரியேட்' இதற்கு நேர் எதிர். அது பழைய தலைப்புகளை அழித்துப் புதிது எழுதும். டிஸ்க் வரிசையோ துண்டு அளவோ தரவு தொடங்கும் இடமோ ஒன்று மாறினாலும் கணக்கு முழுக்கத் தப்பாகும். தவறான பேரிட்டியை வைத்து ரீசிங்க், அதாவது டிஸ்குகளை ஒத்துப்போகும்படி திரும்ப எழுதும் வேலை, தொடங்கிவிட்டால், இதுவரை நன்றாக இருந்த தகவலையும் அதுவே அழித்துக்கொண்டு போகும். தலைப்புகள் முற்றிலும் அழிந்த நிலையில், எல்லா அளவுகளும் தெரிந்தவர் கடைசி வழியாகச் செய்வது அது. உங்கள் தலைப்புகள் அப்படியே இருக்கின்றன. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

தொகுப்பு எழுந்தால் அதைப் படிக்க மட்டும் என்று மவுண்ட் செய்யுங்கள், அதாவது கோப்புகள் தெரியும்படி கணினியில் இணையுங்கள். கோப்பு முறைமையைப் பழுதுபார்க்கும் கருவியை உடனே ஓட்டிவிடாதீர்கள், அது தனக்குப் புரியாததை வெட்டி எறிந்து 'சரி' செய்யும். நகல் மேல்தானே என்றாலும், இன்னொருமுறை நகலெடுக்க அசல் தாங்குமா என்பது தெரியாதே. எழுதப்படும் மாற்றங்களைத் தனிக் கோப்பில் ஒதுக்கும் ஓவர்லே முறையும் லினக்ஸில் இருக்கிறது, தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் அதை அமைத்துக்கொள்ளுங்கள். கோப்புகள் கண்ணுக்குத் தெரிந்ததும் எது போனால் மனம் ஆறாதோ அதை முதலில் வெளியே எடுங்கள். முதல் மேடையேற்றம், காலமாகிவிட்ட நடிகர்கள் இருக்கும் பதிவுகள், வேறு யாரிடமும் இல்லாதவை. ஒத்திகைகள் பிறகு. ஓட்டை விழுந்த இடம் ஒளிப்பதிவுக் கோப்பில் வந்தால் பெரும்பாலும் சில நொடிகள் கட்டம் கட்டமாகச் சிதறும், முழுப் படமும் போகாது.

இதெல்லாம் டிஸ்க் சுற்றி, படிக்கவும் முடிந்தால்தான். போட்டவுடன் டக் டக் என்று அடிக்கும் சத்தமோ உரசும் சத்தமோ கேட்டால் அந்த நொடியே மின்சாரத்தை எடுத்துவிடுங்கள். அது ஹெட், அதாவது தட்டில் உள்ளதைப் படிக்கும் முனை, பழுதானதன் அடையாளம். என் அத்தை 1990-களில் இங்கே ஒரு ஹார்டு டிஸ்க் தொழிற்சாலையில் சுத்த அறையில் வேலை பார்த்தவர். 1982-இல் சீகேட் இங்கு வந்ததிலிருந்து தொடங்கி, ஒரு காலத்தில் உலகின் ஹார்டு டிஸ்குகளில் பெரும்பங்கு இந்தத் தீவில் தயாரானது, அந்த வரிசைகளில் நின்ற பெண்களில் அவரும் ஒருவர். வேலைக்குப் போகும் நாளில் முகத்துக்குப் பவுடர் போடக் கூடாது, கண்களைத் தவிர உடல் முழுக்க மூடிய உடை என்று சொல்வார். ஹெட் தட்டிலிருந்து சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. ஒரு பவுடர் துகள் அதற்கு மலை. வீட்டு மேசையில் மூடியைத் திறந்து பார்ப்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஃபிரீசர் யோசனையும் அப்படியே: நம் ஊர் ஈரப்பதத்தில் குளிர்ந்த டிஸ்கை வெளியே எடுத்தால் சில நிமிடங்களில் நீர் கோத்துக்கொள்ளும்.

அந்த நிலை வந்தால் சுத்த அறை வசதி உள்ள மீட்பு நிறுவனத்திடம்தான் போக வேண்டும். ஆயிரக்கணக்கான வெள்ளி கேட்பார்கள். கொடுக்கும் முன் மூன்று விஷயம் கேளுங்கள்: முதலில் நகலெடுத்துத்தான் வேலை செய்வீர்களா, தரவு கிடைக்காவிட்டால் கட்டணம் என்ன, டிஸ்கை வேறு நாட்டுக்கு அனுப்புவீர்களா. பழைய 2-ஆவது உட்பட ஐந்து டிஸ்குகளையும் கொண்டுபோங்கள், பழுதானதை மட்டும் கொடுத்தால் அவர்களால் பாதி வேலைதான் செய்ய முடியும். உறுப்பினர்களின் அடையாள எண், தொலைபேசி எண் போன்றவை அதில் இருந்தால் 2012-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அவற்றைக் காக்கும் பொறுப்பு உங்கள் குழுவுக்கும் இருக்கலாம். இரகசியம் காக்கும் உறுதியை எழுத்தில் வாங்குங்கள்.

ரெய்டு இருந்தால் பாதுகாப்பு என்றுதானே சொன்னார்கள் என்று கேட்டிருந்தீர்கள். டிஸ்க் ஒன்று போனால் வேலை நிற்காமல் நடக்கும், ரெய்டு தரும் உறுதி அவ்வளவுதான். தவறுதலாக அழித்ததை, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸை, திருட்டை, பெட்டியின் மின்வழங்கி கெட்டு எல்லா டிஸ்கையும் சேர்த்துச் சாய்ப்பதை அது தடுக்காது. உங்கள் அளவுக்கு நான் ரெய்டு 5 போட்டிருக்க மாட்டேன். இரண்டு பெரிய டிஸ்கைக் கண்ணாடிப் பிம்பமாக, அதாவது ரெய்டு 1 ஆக, வெவ்வேறு தொகுதியில் வாங்கிப் போடுவேன். மிச்சக் காசில் தனி டிஸ்க் ஒன்று வாங்கி, மாதம் ஒருமுறை நகலெடுத்து, குழுவில் வேறொருவர் வீட்டில் வைப்பேன். நான்கு டிரேயும் வேண்டுமென்றால் ரெய்டு 6, எந்த இரண்டு போனாலும் தாங்கும். எதுவானாலும் மாதாந்திர ஸ்கிரப்பை இயக்கிவையுங்கள். அது எல்லா செக்டாரையும் படித்து, கெட்டதைப் பேரிட்டி இருக்கும்போதே சரிசெய்துவிடும். உங்கள் பெட்டியில் அது ஓடியிருந்தால் 4-ஆவது டிஸ்கின் சேதி முன்பே தெரிந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஸ்மார்ட் எச்சரிக்கையை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்: 2007-இல் கூகுள் தன் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளை ஆராய்ந்தபோது, பழுதானவற்றில் பாதிக்கு மேல் முக்கியமான நான்கு ஸ்மார்ட் எண்களில் எந்தக் குறியும் காட்டாமலேயே போயிருந்தன. எச்சரிக்கை வந்துவிட்டால் தாமதிக்காதீர்கள். அதே ஆய்வில், பின்னணியில் தன் தட்டைத் தானே சோதிக்கும்போது முதல் பிழை கண்ட டிஸ்க் அடுத்த 60 நாளில் பழுதாகும் வாய்ப்பு, பிழை காணாததைவிட 39 மடங்கு அதிகம்.

கடைசியாக ஒன்று, இதற்கு மட்டும் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் பதில் சொல்லுங்கள். முதலில் பழுதான அந்தப் பழைய 2-ஆவது டிஸ்க் இப்போது எங்கே? புதிதை மாற்றிய கையோடு சமூக மன்றத்திலோ பேரங்காடியிலோ உள்ள மின்கழிவுத் தொட்டியில் யாராவது போட்டிருந்தால், தொட்டி காலியாகும் முன் அங்குள்ளவர்களிடம் பேசிப் பாருங்கள். வீட்டில் இருந்தால் அதிலும் காகிதத் துண்டு ஒட்டி மற்ற நான்கோடு வையுங்கள். பிறகு ஐந்தின் நிகழ்வு எண்களையும் 4-ஆவதின் அந்த மூன்று ஸ்மார்ட் எண்களையும் எழுதி அனுப்புங்கள், எந்த மூன்றை வைத்துத் தொடங்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.